பிளைத்பராவின் தேவதூதர்களைச் சுட்டது யார்?

இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரம் சஃபோக் மாவட்டத்தில், ஏ12 நெடுஞ்சாலை பிளைத் நதியின் கழிமுகத்தைத் தாண்டும் இடத்தில் பிளைத்பரா என்று ஒரு ஊர் இருக்கிறது. ஏறக்குறைய 300 பேர். சாலையோரம் ஒரு பழைய மதுவிடுதி, கொஞ்சம் வீடுகள், சுற்றிலும் நாணல் முளைத்த சதுப்பு நிலம், அவ்வளவுதான். ஆனால் மேட்டில் நிற்கும் பரிசுத்த திரித்துவ தேவாலயம் ஒரு நகரத்துக்கே போதும். நீளவாக்கில் 127 அடிக்கு ஒரே கூரை. அதன் கீழ் பக்கத்துக்குப் பதினெட்டு மேல்ஜன்னல்கள். நதியில் தண்ணீர் ஏறியிருக்கும்போது எதிர்க்கரையிலிருந்து பார்த்தால், கரை தட்டி நின்றுவிட்ட கப்பல்தான் நினைவுக்கு வரும். ‘சதுப்பு நிலத்தின் பேராலயம்’ என்று சுற்றுலாக் கையேடுகள் எல்லாம் எழுதிவிட்டன. பேராலயம் என்றால் ஒரு பிஷப் இருக்க வேண்டும். இங்கே ஒருநாளும் இருந்ததில்லை. இது வெறும் ஊர்க்கோவில்.

முந்நூறு பேருக்கு எதற்கு இவ்வளவு பெரிய கோவில் என்றால், கட்டியபோது ஊர் வேறு மாதிரி இருந்தது. பிளைத்பரா ஒரு காலத்தில் துறைமுகம். சந்தையும் திருவிழாவும் நடந்த இடம். அதற்கும் முன்னால், 7ஆம் நூற்றாண்டில், கிழக்கு ஆங்கிலியாவின் (சஃபோக்கும் அதன் சுற்றுப்புறமும்) அரசர் அன்னா (ஆண்தான், பெயர்தான் அப்படி) மெர்சியாவின் அரசர் பென்டாவோடு நடந்த போரில் இறந்து இங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்பது பழைய வரலாறு. அந்தக் காலத்தை ஒட்டிய திமிங்கில எலும்பாலான எழுதுபலகை ஒன்று இந்த ஊரில் கிடைத்து, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆக, இது எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் வாழ்ந்த இடம். 12ஆம் நூற்றாண்டில் அகஸ்தீனியத் துறவிகள் ஒரு சிறு மடம் அமைத்தார்கள். ஊர்க்கோவிலின் உரிமையும் அவர்களிடம்தான் இருந்தது.

இன்று நாம் பார்க்கும் கட்டடத்தில் கோபுரம்தான் மூத்தது, 14ஆம் நூற்றாண்டு. மற்றதெல்லாம் 15ஆம் நூற்றாண்டில் ஒரே மூச்சில் இல்லாவிட்டாலும் ஒரே மனதோடு கட்டப்பட்டது. பலிபீடப் பகுதியைப் புதிதாகக் கட்ட மடத்தின் தலைவருக்கு 1412இல் அரச அனுமதி கிடைத்தது. அதிலிருந்து இரண்டு மூன்று தலைமுறை, உயில் எழுதியவர்கள் எல்லாம் கோவிலுக்கென்று ஒரு தொகையை எழுதி வைத்தார்கள். கம்பளியிலும் துணியிலும் மீனிலும் வந்த பணம். அதைக் கொடுத்ததில் பக்தி இருந்தது, ஊர்ப் பெருமை இருந்தது, அப்புறம் பயமும் இருந்தது. செத்த பிறகு ஆன்மா உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடந்து வேகும். உயிரோடு இருப்பவர்கள் ஜெபித்தால் அந்தக் காலம் குறையும். ஜன்னல் வாங்கிக் கொடுத்தவர் அதன் அடியில் ‘இன்னாருடைய ஆன்மாவுக்காக ஜெபியுங்கள்’ என்று லத்தீனில் எழுதி வைத்துவிட்டால், பார்க்கிறவர் எல்லாம் ஒரு ஜெபம் சொல்லிவிட்டுப் போவார்கள். கட்டடம் முழுக்க இப்படிப் பெயர்களால் ஆனது. பின்னால் வந்த வம்புகளுக்கு இந்தப் பெயர்களும் ஒரு காரணம்.

உள்ளே போவதற்கு முன் வெளிச்சுவரைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். சஃபோக்கில் நல்ல கட்டடக் கல் கிடையாது. வயலில் உழுதால் கிடைப்பது சக்கிமுக்கிக் கல்தான். உருண்டையாக, மேலே வெள்ளைத் தோலும் உள்ளே கண்ணாடி மாதிரி கறுப்புமாக இருக்கும். செதுக்குகிற கல்லை வெளியிலிருந்து தண்ணீர் வழியாகக் கொண்டுவர வேண்டும். அதற்கு விலை அதிகம். அதனால் இந்தப் பக்கத்துக் கொத்தனார்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வெளியூர் வெள்ளைக் கல்லை மெல்லிய சட்டங்களாக மட்டும் வெட்டி, நடுவில் உள்ள பள்ளத்தில் உள்ளூர் சக்கிமுக்கிக் கல்லை உடைத்து, உடைந்த கறுப்பு முகம் வெளியே தெரியும்படி பதித்தார்கள். ஒவ்வொரு சில்லும் பக்கத்துச் சில்லோடு ஒட்டி உட்காருகிறது. இடையில் சாந்தே தெரியாத இடங்கள் உண்டு. விரலால் தடவிப் பார்த்தால் வெள்ளைக் கல் சொரசொரவென்று இருக்கும், கறுப்பு வழுக்கும். மழை பெய்து ஓய்ந்த நேரமாக இருந்தால் இன்னும் நல்லது: கறுப்பு பளபளக்கும், வெள்ளை மங்கும்.

கிழக்குச் சுவரில் பெரிய ஜன்னலுக்குக் கீழே இதே முறையில், தலையில் கிரீடம் வைத்த எழுத்துகள் ஒரு வரிசை இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு லத்தீன் வார்த்தையின் முதலெழுத்து என்றும், திரித்துவத்துக்கும் மரியாளுக்கும் புனிதர்களுக்கும் மரியாதையாக இது திரும்பக் கட்டப்பட்டது என்று பொருள் என்றும் அறிஞர்கள் விரித்துப் படிக்கிறார்கள். இருக்கலாம். முதலெழுத்தை வைத்துக்கொண்டு யாரும் எதையும் படித்துவிட முடியும் என்பது என் கட்சி.

உள்ளே நுழைந்ததும் யாரும் முதலில் சொல்வது வெளிச்சத்தைப் பற்றித்தான். வெள்ளைச் சுவர், வெறும் கண்ணாடி, வெளிறிப்போன ஓக் மரம், செங்கல் தரை. ‘எவ்வளவு எளிமை, எவ்வளவு அமைதி’ என்று வருகைப் பதிவேட்டில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். கட்டியவர்கள் இதைக் கேட்டால் மனம் நொந்துபோவார்கள். அவர்கள் விட்டுப்போனது இது இல்லை. ஜன்னல் முழுக்க வண்ணக் கண்ணாடி, சுவரெல்லாம் ஓவியம், மரத்தில் தங்கமும் சிவப்பும், நடுவே குறுக்காக ஒரு பெரிய தடுப்பு, அதன்மேல் சிலுவை, எங்கும் மெழுகுவர்த்திப் புகை. கண்ணைப் பறிக்கிற மாதிரி அலங்காரம் செய்துதான் கடவுளைக் கும்பிட்டார்கள். நாம் இன்று ரசிக்கும் எளிமை, ஒவ்வொன்றாக எல்லாம் போன பிறகு மிஞ்சியது. ஜன்னல்களின் உச்சியில் எட்டாத மூலைகளில் மட்டும் பழைய கண்ணாடித் துண்டுகள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

எட்டாத இடம் என்பதுதான் கூரையையும் காப்பாற்றியது.

அதைப் பார்க்கக் கழுத்தை ஒடிக்க வேண்டாம், ஏதாவது பெஞ்சில் மல்லாந்து படுத்துக்கொள்வது உத்தமம். நடுவில் வளைவு எதுவும் குறுக்கிடாமல், மேற்குக் கோடியிலிருந்து பலிபீடம் வரை ஒரே கூரை ஓடுகிறது. குறுக்கு உத்திரங்கள் ஒவ்வொன்றின் நடுவிலும், முதுகோடு முதுகு ஒட்டியபடி இரண்டிரண்டு தேவதூதர்கள். ஒருவர் கிழக்கே பார்க்கிறார், ஒருவர் மேற்கே. கையில் கேடயம், அதில் பணம் கொடுத்த குடும்பங்களின் சின்னங்கள். உடல் ஒரே மரத்துண்டு. இறக்கைகளைத் தனியாகப் பலகையில் செதுக்கி முளையடித்துப் பொருத்தியிருக்கிறார்கள். மிஞ்சியவர்கள் ஒரு டஜன் அளவுக்குத்தான். சிலருக்கு இறக்கை போய்விட்டது, சிலருக்கு முகமே தேய்ந்துவிட்டது. கூரைச் சட்டங்களில் வெள்ளைப் பூச்சின்மேல் சிவப்பிலும் பச்சையிலும் பூக்களும் இயேசுவின் பெயரெழுத்துகளும் அச்சுத் தகடு வைத்து வரைந்தது இன்னும் தெரிகிறது. மேலே பூசி மெருகேற்றாத, அசல் 15ஆம் நூற்றாண்டு வண்ணம்.

கூரையில் தேவதூதர்களை வைக்கும் மோகம் 1390களில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் அரசரின் தச்சர் ஹ்யூ ஹெர்லாண்ட் அமைத்த கூரையிலிருந்து கிளம்பியது. அது ஏனோ கிழக்கு ஆங்கிலியாவில்தான் அப்படிப் பற்றிக்கொண்டது. பக்கத்து மாவட்டத்தில் மார்ச் என்ற ஊரின் கோவிலில் நூற்றுக்கும் மேற்பட்ட தேவதூதர்கள் பறக்கிறார்கள். எண்ணிக்கையில் பிளைத்பரா பக்கத்தில் வராது. ஆனால் என்னைக் கேட்டால் இதுதான் அழகு. மற்ற இடங்களில் கூட்டம் அதிகம். இங்கே ஒவ்வொரு ஜோடிக்கும் சுற்றிலும் வெறும் வெளி இருக்கிறது.

சரி, தொலைநோக்கி வைத்துப் பார்த்தால் மரத்தில் சின்னச் சின்னத் துளைகள் தெரியும். கரையான் இல்லை, ரவை. துப்பாக்கி ரவை. ஊரில் யாரைக் கேட்டாலும் உடனே பதில் வரும்: க்ராம்வெல்லின் ஆட்கள். 1640களில் அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரின்போது, க்ராம்வெல் தளபதியாக இருந்த பாராளுமன்றப் படையின் பியூரிட்டன் சிப்பாய்கள் (கோவிலில் படமும் சிலையும் கூடாது என்ற கடும் புராட்டஸ்டண்டுகள்) குதிரைகளைக் கோவிலுக்குள் கொண்டுவந்து தூண்களில் கட்டினார்களாம் (தூண்களில் வளையம் அடித்த துளைகளைக் காட்டுவார்கள்), அப்புறம் மல்லாந்து கிடந்து தேவதூதர்களைச் சுட்டு விளையாடினார்களாம். கதை கச்சிதமாக இருக்கிறது. வில்லனுக்குப் பெயர்கூட உண்டு: வில்லியம் டௌசிங்.

டௌசிங் கற்பனை ஆள் இல்லை. இதே சஃபோக்கில் லாக்ஸ்ஃபீல்டில் பிறந்தவர். 1643 டிசம்பரில் பாராளுமன்றப் படைத் தளபதி மான்செஸ்டர் பிரபு அவருக்கு ஒரு ஆணை கொடுத்தார். கோவில்களில் மிச்சமிருக்கும் மூடநம்பிக்கைச் சின்னங்களை அகற்ற வேண்டும். அவர் கேம்பிரிட்ஜ்ஷயரிலும் சஃபோக்கிலும் 250க்கும் அதிகமான கோவில்களுக்குப் போனார். போன இடத்தில் எல்லாம் என்ன உடைத்தேன், என்ன உடைக்கச் சொன்னேன், எவ்வளவு கட்டணம் வாங்கினேன் என்று குறிப்பெழுதி வைத்தார். வழக்கமான கட்டணம் 6 ஷில்லிங் 8 பென்ஸ். உங்கள் கோவிலை உடைக்க வந்தவருக்கு நீங்களே கூலி கொடுக்க வேண்டும்! அந்த நாட்குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. வெறியரின் எழுத்து மாதிரி இருக்காது. வரி வசூலிக்கும் குமாஸ்தாவின் பதிவேடு மாதிரி இருக்கும். அதுதான் அதில் பயமே.

பிளைத்பராவுக்கு அவர் 1644 ஏப்ரலில் வந்தார். மூடநம்பிக்கைப் படங்கள் இருபது, தாழ்வாரத்தில் சில, கோபுரத்தில் ஒன்று, ‘ஆன்மாவுக்காக ஜெபியுங்கள்’ எழுத்துகள் சிலவற்றை உடைத்தேன், கோவிலிலும் பலிபீடப் பகுதியிலுமாக இருபது கேரூபீன்களை (தேவதூதர்களை) இறக்க வேண்டும், இன்னும் இருநூறுக்கும் மேற்பட்ட படங்களை எட்டு நாளுக்குள் எடுக்கச் சொன்னேன். இதுதான் அவர் எழுதியதன் சாரம். சுட்டதாக ஒரு வரி இல்லை. சுட்டிருந்தால் எழுதாமல் விடுகிற ஆளும் இல்லை அவர்.

ஜன்னல்களின் வண்ணக் கண்ணாடியை ஊர்க்காரர்கள் உடைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அது இன்று ஏறக்குறைய இல்லை. கேரூபீன்களை இறக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் தலைக்குமேல் இருக்கிறார்கள். இதில் வீரமோ ரகசிய பக்தியோ இருந்திருக்கலாம். எனக்கென்னவோ வேறு கணக்குத்தான் தோன்றுகிறது. அவ்வளவு உயரத்துக்குச் சாரம் கட்ட வேண்டும், தச்சருக்குக் கூலி கொடுக்க வேண்டும், எல்லாம் ஊர்ப் பணம். எட்டு நாள் போனது, பதினாறு நாள் போனது, டௌசிங் திரும்பி வரவில்லை. விட்டுவிட்டார்கள்.

அப்படியானால் சுட்டது யார்? 1970களில் கூரையைப் பழுதுபார்த்தபோது மரத்திலிருந்து எடுத்த ரவைகள் உள்நாட்டுப் போர்க் காலத்தவை இல்லை, 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று தெரியவந்தது. கோவில் நிர்வாகிகளின் பழைய கணக்குப் புத்தகத்திலும் விடை கண்முன்னே கிடந்தது. 1761ஆம் ஆண்டுக் கணக்கில் வெடிமருந்துக்கும் ரவைக்கும் செலவு எழுதியிருக்கிறது. கோவிலுக்குள் குடியிருந்த ஜாக்டாக்களைச் சுட்டதற்கு. ஜாக்டா என்பது இந்த ஊர்ச் சின்னக் காக்கை. கழுத்து சாம்பல் நிறம், கண் வெள்ளை, பொந்து கண்ட இடத்தில் எல்லாம் கூடை கூடையாகச் சுள்ளியைக் கொண்டுவந்து அடைக்கும். தேவதூதர்கள் குறுக்கே வந்துவிட்டார்கள், அவ்வளவுதான். சுட்டவர் பியூரிட்டன் இல்லை, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதே கோவிலில் வந்து உட்காருகிற ஆளாகத்தான் இருந்திருப்பார்.

பொதுப்பணித் துறையில் பாதி ஆயுளைக் கழித்த என் சித்தப்பா ஊரிலிருந்து வந்திருந்தபோது அவரை அங்கே கூட்டிப்போனேன். இந்தக் கதையைச் சொன்னதும் சிரித்தார். “காக்காயை விரட்டுறேன்னு உள்ள நின்னு மேல பார்த்துச் சுட்டா, கூரைத் தகடு என்னத்துக்குடா ஆகும்? ஓட்டை விழுமே. அதை யாரு அடைச்சது?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தேவதூதர்களை ஒரு நிமிடம் பார்த்தார், உத்திரங்கள் சுவரில் போய்ச் சேரும் இடத்தை அரைமணி நேரம் பார்த்தார். “கூரை சரிவே இல்லையே. தண்ணி எந்தப் பக்கம் இறங்குது?”

அவர் கேட்டது சரியான கேள்வி. ஆனால் மழைக்குப் போவதற்கு முன் இன்னொரு வில்லனையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் பிளைத்பரா பெயர் பெற்றதே அவனால்தான்.

1577 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே பாதிரியார் இரண்டாவது வேதபாடத்தை வாசித்துக்கொண்டிருந்தார். இடி விழுந்தது. அந்தக் காலத்துச் சரித்திரக் குறிப்பு ஒன்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறது: மின்னல் சுவரைத் துளைத்துத் தரையில் ஒரு கஜ ஆழத்துக்கு இறங்கியது, அந்தப் பக்கம் இருந்த இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கீழே தள்ளியது, சுவரைப் பிளந்தது, கதவைப் பிளந்தது, கோபுரத்துக்குப் போய் மரத்தைக் கிழித்துச் சங்கிலிகளை அறுத்தது, பிறகு பங்கே ஊர்ப் பக்கம் ஓடியது. நாற்பது வயதைத் தாண்டிய ஒரு ஆணும் பதினைந்து வயதுப் பையனும் செத்துக் கிடந்தார்கள். மற்றவர்களுக்குத் தீக்காயம். ஊசிக் கோபுரம் கூரையைப் பிளந்துகொண்டு விழுந்து ஞானஸ்நானத் தொட்டியை உடைத்தது என்பது வழிவழியாகச் சொல்லிவருவது.

பங்கேயிலும் அதே காலையில் கோவிலுக்குள் ஆட்கள் செத்தார்கள். அங்கே நடந்ததைப் பற்றி ஏபிரகாம் ஃப்ளெமிங் என்பவர் லண்டனில் ஒரு துண்டுப் பிரசுரம் போட்டார். அதில்தான் கறுப்பு நாய் வருகிறது. நாய் உருவத்தில் சாத்தானே கோவிலுக்குள் ஓடி, ஜெபித்துக்கொண்டிருந்தவர்களின் கழுத்தை முறித்துவிட்டுப் போனதாக எழுதினார். இப்படிச் செய்தி போட்டால் அன்றைக்கும் விற்றது. பிளைத்பரா கதையிலும் நாய் சேர்ந்துகொண்டது. பிளாக் ஷக் என்று இந்தப் பகுதி முழுக்கப் பேசும் பேய்நாய் அதுதான் என்றாகிவிட்டது.

ஆதாரம் வேண்டுமா, வடக்குக் கதவைப் பாருங்கள் என்பார்கள். உள்பக்கத்தில் விரல் நீளத்துக்குக் கருகிய தடங்கள், மேலே கூர்மையாகவும் கீழே அகலமாகவும். சாத்தானின் நகக்கீறலாம். நான் கைவைத்துப் பார்த்தேன். கருகல் ஆழமாக, வழவழவென்று குழிந்திருக்கிறது. இதே கண்ணீர்த்துளி வடிவக் கருகல்கள் இங்கிலாந்தின் பழைய வீடுகளில் அடுப்பு உத்திரங்களிலும் கதவு நிலைகளிலும் ஏராளமாக உண்டு. மெழுகுத்திரியைச் சாய்வாகப் பிடித்து வேண்டுமென்றே பொறுமையாகச் சுட்டால்தான் அந்த வடிவம் வரும் என்று செய்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள். தீயாலேயே தீயைத் தடுப்பதற்கான காப்பு என்பது ஒரு விளக்கம். பிளைத்பரா கதவில் இருப்பதும் அந்த வகைதான் என்று நான் நினைக்கிறேன். அப்படியானால் சாத்தான் உள்ளே வராமலிருக்க ஊர்க்காரர்கள் போட்ட குறிகளைத்தான் நாம் சாத்தான் வந்து போன தடம் என்று படம் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

இனி மழைக்கு வரலாம். பழைய கோவில்களின் கூரை செங்குத்தாக இருக்கும். வைக்கோலோ ஓடோ போட்டால் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். 15ஆம் நூற்றாண்டில் உயரமான மேல்ஜன்னல் வைக்கும் ஆசை வந்ததும் கூரையைத் தட்டையாக்கினார்கள். தட்டைக் கூரைக்கு ஈயத் தகடுதான் போட முடியும். ஈயம் நல்ல பொருள்தான், ஆனால் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும், தன் கனத்தாலேயே மெல்ல மெல்லக் கீழே நகரும், ஒருநாள் வெடிக்கும். நூறு நூற்றைம்பது வருஷத்துக்கு ஒருமுறை எடுத்து உருக்கி மறுபடி வார்த்துப் போட வேண்டும். கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் இலையோ ஜாக்டாவின் சுள்ளியோ அடைத்தால் தண்ணீர் தேங்கி, உத்திரம் சுவருக்குள் நுழையும் முனைக்குப் போய்ச் சேரும். உத்திரத்தில் முதலில் மக்குவது அந்த முனைதான். சித்தப்பா அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்ததும் அதைத்தான்.

இதையெல்லாம் கவனிக்கப் பணம் வேண்டும். பணம் போய்விட்டது. கப்பல்கள் பெரிதாயின, நதி தூர்ந்தது, துறைமுகம் கடலோரம் நகர்ந்தது. 1537இல் அரசர் எட்டாம் ஹென்றி மடத்தை மூடினார். 1676இல் ஊரில் தீப்பிடித்தது. வீடிழந்தவர்களில் பலர் திரும்பக் கட்ட முடியாமல் கிளம்பிப் போனார்கள். இருக்கிற கொஞ்சம் பேருக்கு ஒரு மலை போலக் கோவில்.

பக்கத்து ஊர்களுக்கும் இதே கதிதான். கோவ்ஹைத் மக்கள் 1672இல் தங்கள் பெரிய கோவிலின் கூரையைப் பிரித்து, அந்த இடிபாட்டுக்கு நடுவிலேயே வைக்கோல் கூரை போட்ட சின்னக் கோவில் ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். வால்பர்ஸ்விக் மக்கள் 1690களில் அனுமதி வாங்கி, ஒரு பக்கவாட்டுப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இடித்தார்கள். நல்ல முடிவுகள், நானாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். பிளைத்பராக்காரர்கள் மட்டும் எந்த முடிவும் எடுக்கவில்லை. ஜன்னல் உடைந்தால் செங்கல் வைத்து அடைத்தார்கள். கூரை ஒழுகினால் ஒழுகாத பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

அந்த அலட்சியத்தில் எத்தனையோ பிழைத்துக் கிடக்கிறது. பெஞ்சுகளின் முனையில் உட்கார்ந்திருக்கும் ஓக் மரப் பொம்மைகளைச் சொல்லலாம். சோம்பேறி கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. பெருந்தீனிக்காரன் தன் தொப்பையைத் தானே பிடித்துக்கொண்டிருக்கிறான். கஞ்சன் பணப்பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டான். கதிர்க்கட்டோடு ஒரு அறுவடைக்காரர், தொழுமரத்தில் கால் மாட்டிய ஒருவன். எனக்குப் பிடித்தவன் வேஷக்காரன்: கை கூப்பியிருக்கிறது, கண் மட்டும் அகலத் திறந்து யார் பார்க்கிறார்கள் என்று நோட்டம் விடுகிறது. அவன் தலை பளபளவென்று தேய்ந்திருக்கிறது. எழுந்திருக்கும்போது பிடிமானத்துக்கு அந்தத் தலையைத்தான் அழுத்துகிறார்கள், ஐந்நூறு வருஷமாக.

பலிபீடப் பக்கம் ஜான் ஹாப்டன் என்ற 15ஆம் நூற்றாண்டு நிலக்கிழாரின் கல்லறை. கறுப்புக் கல்லில் பித்தளை பதித்திருந்த பள்ளம் மட்டும் இருக்கிறது, பித்தளையை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்தில் அப்போஸ்தலர் உருவங்கள் செதுக்கிய மேசைகள். ஒரு காலத்தில் இங்கே டச்சுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடந்ததாம். மைக்கூடு வைத்த துளைகள் இருக்கின்றன. டிர்க் லோவர்சென் என்ற பையன் தான் ஸ்டாக்ஹோமைச் சேர்ந்தவன் என்றும் வருஷம் 1665 என்றும் மரத்தில் குடைந்து வைத்திருக்கிறான். டௌசிங்கை விட அதிக நேரம் எடுத்துச் செய்த சேதம், ஆனால் அவனைப் பற்றி யாரும் கோபமாகப் பேசுவதில்லை. மேற்கே திரும்பினால் 1682 என்று தேதியிட்ட மரப் போர்வீரன் ஒருவன். கயிற்றை இழுத்தால் தலையை ஆட்டிக் கோடரியால் மணியை அடிப்பான். ஆராதனை தொடங்குகிறது என்பதற்கு இன்றும் அவன்தான் அறிவிப்பு.

1881 டிசம்பரில் கட்டடம் ஆபத்தானது என்று பிஷப் கோவிலை மூடினார். அதற்கு முந்தைய வருஷங்களில் மழை நாளில் உள்ளேயே குடை பிடித்துக்கொண்டு ஜெபித்தார்கள் என்பது பதிவான விஷயம். இந்த இடத்தில்தான் உண்மையான ஆபத்து வந்தது, நல்லெண்ணத்தோடு. விக்டோரியா காலத்துக்காரர்கள் ஆயிரக்கணக்கான பழைய கோவில்களைப் புதுப்பித்தார்கள். பழைய பூச்சைச் சுரண்டினார்கள், தேய்ந்த சிற்பத்தை எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்து வைத்தார்கள், மக்கிய மரத்துக்குப் பதில் புது மரம், வெறும் தரைக்கு மெருகேற்றிய ஓடு. 1300இல் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று தாங்கள் நினைத்தார்களோ அப்படி ஆக்கினார்கள். பணக்கார ஊர்க் கோவில்களில் இன்று நாம் பார்ப்பதில் பாதி 1860களின் வேலைதான்.

பிளைத்பராவுக்கும் அப்படி ஒரு திட்டம் வந்தது. கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் குறுக்கே வந்தது. ‘பழுது பாருங்கள், புதுப்பிக்காதீர்கள்’ என்பது அவர்கள் வாதம். கூரை ஒழுகாமல் செய்யுங்கள், சுவர் விழாமல் முட்டுக் கொடுங்கள், மற்றதில் கை வைக்காதீர்கள். ஊரில் சிலருக்கு ஆத்திரம். லண்டனில் உட்கார்ந்துகொண்டு அறிவுரை சொல்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து நனையப் போவதில்லையே! அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. வாதம் வருஷக்கணக்கில் நடந்தது. 1884இல் கோவில் திரும்பத் திறந்தது. வேலை அடுத்த நூற்றாண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடர்ந்தது.

சங்கம் ஜெயித்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு. கொள்கையை விட வரவு செலவுதான் பெரிதாகப் பேசியது என்று எனக்குத் தோன்றுகிறது. பெரிய திட்டத்துக்குப் பணம் சேரவில்லை. சேர்ந்திருந்தால் தேவதூதர்களை இறக்கி, பூசி, இறக்கை ஒட்டி, தங்கம் அடித்துத் திரும்ப ஏற்றியிருப்பார்கள். டௌசிங்கின் உத்தரவை நிறைவேற்ற 1644இல் சாரம் கட்டப் பணம் இல்லை. 1880களில் அழகுபடுத்தவும் பணம் இல்லை. இரண்டு தடவையும் காப்பாற்றியது ஒன்றுதான்.

1969 ஜூனில், ஆல்டபரா இசைவிழா தொடங்கிய இரவே அதன் ஸ்னேப் அரங்கம் எரிந்துபோனபோது, இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் தன் மொசார்ட் நிகழ்ச்சியை இந்தக் கோவிலுக்கு மாற்றினார். குறுக்கே வளைவு இல்லாத அந்த நீளக் கூரை பாட்டுக்கு அவ்வளவு தோதாக இருக்கிறது. விழாவின் கச்சேரிகளுக்கு இன்றும் அங்கே இடம் உண்டு. நுழைவுக் கட்டணம் எதுவும் இல்லை, உண்டியல் இருக்கிறது. இங்கிலாந்தில் ஊர்க்கோவிலைப் பழுதுபார்க்கும் பொறுப்பு அரசாங்கத்துடையது இல்லை, அந்தச் சபையுடையது. முந்நூறு பேர் ஊரில் அது என்ன கணக்கு என்று யோசித்துவிட்டு உண்டியலில் போடுங்கள்.

போகிறவர்களுக்கு: ஹேல்ஸ்வர்த் ரயில் நிலையம் பக்கம், அங்கிருந்து வண்டி பிடித்துக்கொள்ளலாம். தொலைநோக்கி கட்டாயம். மதியத்துக்குள் பிளைத்பராவை முடித்துவிட்டால், அதே நாளில் கோவ்ஹைத்துக்கும் போய் வரலாம். இங்கே எடுக்காமல் விட்ட முடிவை அங்கே எடுத்திருக்கிறார்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்ப்பது நல்லது.